'பவுட்டிங்': மூஞ்சையை நீட்டுவதா, உதட்டைப் பிதுக்குவதா, ஊடுவதா?

ஈரமணல் (வெள்ளவத்தை) | வெள்ளி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு கிழமையாகத் தவிக்கிறேன். அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஆங்கிலச் சிறுவர் கதை ஒன்றைத் தமிழாக்குகிறேன். 32 பக்கம், பாதிக்கு மேல் படம். இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு சின்ன ஊர். மழை பெய்வதால் கடற்கரைக்குப் போகக்கூடாது என்று ஒரு சிறுமியை மறித்துவிடுகிறார்கள். 5ஆம் பக்கத்தில் அவள் வாசல் படியில் இருந்து 'பவுட்' பண்ணுகிறாள், அதாவது கோபத்தில் உதட்டை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு இருக்கிறாள். 11ஆம் பக்கத்தில் அவளுடைய சித்தி போனை உயர்த்திப் பிடித்து, படம் எடுப்பதற்காக 'பவுட்' பண்ணுகிறாள். 20ஆம் பக்கத்தில் தாத்தா தூண்டிலோடு வருகிறார். வாளிக்குள் நாலு 'பவுட்டிங்' கிடக்கின்றன. அது மீன். மூன்றும் ஒரே சொல். கதையின் சுவையே அதில்தான் இருக்கிறது.

சிறுமிக்கு முதலில் "உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இருந்தாள்" என்று எழுதினேன். அகராதியைப் பார்த்தாலும் அதுதான் வருகிறது. அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டா: "ஆர் என்ன கேட்டவை? பிள்ளை தெரியாதெண்டதோ?"

அதோடு எழுத்து நின்றுவிட்டது. உங்கள் வீடுகளில் இதற்கு என்ன சொல்வீர்கள்?


கொட்டாஞ்சேனைப் புறா | வெள்ளி, இரவு 9.58

உம்மென்று இருந்தாள். எங்கள் வீட்டில் வேறு சொல் இல்லை. "ஏன் உம்மெண்டு இருக்கிறாய்?" என்று கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் விளங்கும்.


பழைய கரும்பலகை (தெஹிவளை) | வெள்ளி, இரவு 10.31

தங்கச்சி, உங்கள் அம்மம்மா சரியாகத்தான் கேட்டிருக்கிறா. 31 வருடம் தமிழ் படிப்பித்தவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

"வைத்தியர் வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினார்." இதை வாசித்ததும் நமக்கு நெஞ்சு அடைக்கும். இனி நம்பிக்கை இல்லை என்பது பொருள். வைத்தியர் யாரோடோ கோபித்துக்கொண்டார் என்று ஒருவரும் எடுக்கமாட்டார்கள். "விடையைக் கேட்டேன், பெடியன் உதட்டைப் பிதுக்கினான்" என்றால் தெரியாது. "சேலையைக் காட்டினேன், மாமி உதட்டைப் பிதுக்கினா" என்றால் பிடிக்கவில்லை. மூன்றிலும் உதடு ஒரு பதிலைச் சொல்கிறது. வாயைத் திறக்காமல் சொல்லும் 'இல்லை'தான் தமிழில் உதட்டுப் பிதுக்கல். அதனால்தான் அம்மம்மா, யார் கேட்டது என்று தேடியிருக்கிறா.

இன்னொன்றையும் பாருங்கள். "குழந்தையின் உதடு பிதுங்கியது." பிதுக்கியது இல்லை, பிதுங்கியது. இப்போது பொருள் முழுக்க மாறிவிடுகிறது. அழுகை வரப்போகிறது, குழந்தை அடக்கப் பார்க்கிறது, முடியவில்லை. பிதுக்குவது பிறவினை, மனம் அறிந்து செய்வது. பிதுங்குவது தன்வினை, தன்னால் நடப்பது. ஒரு மெய்யெழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் ஒரு பக்கம் அலட்சியம், மறுபக்கம் அழுகை. சிறுவர் கதை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் மிகக் கவனமாக இருக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.


தேயிலைக்கொழுந்து | வெள்ளி, இரவு 11.05

நான் ஹட்டன் பக்கம். 19 வயதில் வேலைக்குக் கொழும்பு வந்தேன், புறக்கோட்டையில் ஒரு துணிக்கடை. தங்கியிருந்த அறையில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் கூட இருந்தார். ஒரு நாள் நான் தோய்த்துக் காயப்போட்ட உடுப்பை அவர் மழையில் விட்டுவிட்டார். நான் பேசாமல் கட்டிலில் இருந்தேன். அவர் வந்து, "ஏன் மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருக்கிறீர்?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முகத்தை எங்கே நீட்டினேன்? 'நீர்' வேறு சொல்கிறார், சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் சம வயதுக்காரர் அன்பாகவும் 'நீர்' என்பார்கள் என்பது பிறகுதான் தெரியும்.

எங்கள் பக்கம் "மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கா" என்போம். அவர்களுக்கு முகம் நீளுகிறது, எங்களுக்கு உயருகிறது. இரண்டிலும் உதட்டைப் பற்றிப் பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். முழு முகமும்தான் வருகிறது.

அப்புறம் அந்த அக்கா இரண்டு பிளேன்ரீ போட்டுக்கொண்டு வந்து ஒன்றை என் பக்கத்தில் வைத்தார். சண்டை அதோடு முடிந்தது.


மருதானை நானா | சனி, காலை 7.12

ஈரமணல் தங்கச்சி, கொழும்பில் இருந்துகொண்டு சிங்களத்தை விட்டுவிடலாமா? "மூண பும்மகென" என்பார்கள். மூண என்றால் முகம். அதை உப்பவைத்துக்கொண்டு இருப்பதுதான் பும்மகென. எங்கள் கடைக்கு வரும் தாய்மார் பிள்ளையைக் கேட்பதை ஒவ்வொரு நாளும் காதால் கேட்கிறேன். விளையாட்டுச் சாமான் வாங்கித் தராவிட்டால் பிள்ளை வாசலில் நின்று பும்மகென.

உம், பும், பவுட். எனக்கு இது மூன்றும் ஒரே குடும்பம் மாதிரிக் கேட்கிறது. சரியா பிழையா என்று கரும்பலகை சேர்தான் சொல்லவேண்டும்.


பழைய கரும்பலகை | சனி, காலை 8.40

நானா, மூன்றும் தனித்தனி மொழி, ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்லமுடியாது. ஆனால் உங்கள் காது பிடித்தது ஒரு உண்மையான விடயம். தொல்காப்பியத்தின் பிறப்பியலில் உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் இதழ் குவிந்து பிறக்கும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. ப, ம இரண்டும் இதழ் இயைந்து, அதாவது உதடுகள் ஒன்றோடொன்று பொருந்திப் பிறக்கும். கண்ணாடி முன் நின்று "உம்" என்று சொல்லிப் பாருங்கள். குவிந்து, பிறகு மூடிக்கொள்ளும். உம்மென்று இருக்கிற பிள்ளையின் வாய் அதேதான். "ஊடல்" என்று தொடங்கிப் பாருங்கள், முதல் எழுத்திலேயே உதடு முன்னுக்கு வந்துவிடும்.

ஆங்கிலச் சொல்லின் வேர், வீங்குதல் அல்லது ஊதியிருத்தல் என்ற பொருளில் இருந்திருக்கவேண்டும் என்பார்கள். சுவீடன் வட்டார வழக்கில் 'பூட்டா' என்றால் ஊதிப்போயிருத்தல். ஆங்கிலத்தில் வினைச்சொல்லாக 14ஆம் நூற்றாண்டளவில் வருகிறது. நம்மிடமும் "முகத்தை உப்பிக்கொண்டு" என்ற வழக்கு இருக்கிறதே. உப்புதல் என்றால் வீங்குதல்.


இரவுக்கடமை | சனி, பகல் 1.15

இப்போதுதான் வார்டிலிருந்து வந்தேன். உடற்கூற்றுப் பக்கத்திலிருந்து ஒரு உதவி.

5ஆம் பக்கச் சிறுமியும் 11ஆம் பக்கச் சித்தியும் செய்வது ஒரே வேலை இல்லை. நாடியில் (மோவாயில்) 'மென்டாலிஸ்' என்று ஒரு சின்னத் தசை உண்டு. லத்தீனில் 'மென்டும்' என்றால் நாடி. அது சுருங்கும்போது கீழுதடு மேலே தள்ளப்பட்டு முன்னுக்கு வரும், நாடித் தோல் குழிகுழியாகத் தோடம்பழத் தோல் போல ஆகும். அழப்போகிற பிள்ளையைக் கிட்ட இருந்து பாருங்கள், உதட்டுக்கு முன்னமே நாடியில் அந்தக் குழி தெரியும். கரும்பலகை ஐயா சொன்ன "பிதுங்கியது" இதுதான்.

செல்ஃபிக்கு வேலை செய்வது வாயைச் சுற்றி வளையமாக இருக்கும் தசை. விசில் அடிக்க, முத்தம் கொடுக்க, தேத்தண்ணியை ஊதிக் குடிக்க உதவுவதும் அதே தசைதான். முக அசைவுகளுக்கு எக்மன், ஃபிரீசன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978இல் எண் போட்டு ஒரு முறை வகுத்தார்கள். அதிலும் நாடி உயர்வதற்கு 17, உதடு குவிவதற்கு 18 என்று இரண்டு தனி எண்கள். முகத்தில் இரண்டு தசை, தமிழில் இரண்டு வினை. ஆங்கிலம்தான் ஒரு சொல்லில் அடக்கிவிட்டது. என் எண்ணத்தில் இந்த இடத்தில் தமிழ்தான் துல்லியம்.


ஈரமணல் | சனி, மாலை 4.02

மிக்க நன்றி, எல்லோருக்கும். படத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். ஓவியர் சிறுமியின் நாடியில் மூன்று சின்னப் புள்ளி வைத்திருக்கிறார். இரண்டு கிழமையாக அதை மச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் "உதடு பிதுங்கியது" என்று போட்டால் அவள் அடுத்த நொடி அழவேண்டும். கதையில் அழவில்லை. மூன்று பக்கம் அப்படியே இருக்கிறாள்.


மல்லிகைப்பந்தல் | சனி, மாலை 4.30

'ஊடினாள்' என்று எழுதுங்களேன். அழகான பழைய சொல், நாம் பயன்படுத்தாமல் விட்டுவிட்டோம். பிள்ளைகளும் படிக்கட்டுமே.


பழைய கரும்பலகை | சனி, மாலை 5.20

இதற்கு மட்டும் நான் சம்மதிக்கமாட்டேன். ஊடல் காதலர்க்கு உரியது. மருதத் திணையின் உரிப்பொருள். தாயோடு கோபித்த ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் சொல்லும் கெடும், பிள்ளையும் கெடும். பிள்ளைக்குப் பிணக்கு, கோபம், அடம் என்று வேறு சொற்கள் இருக்கின்றன.

ஆனாலும் ஊடலுக்குள் இருக்கிற ஒரு செய்தி உங்களுக்கு உதவும், தங்கச்சி. திருக்குறளின் 1330 குறளில் கடைசி 30 குறளும் இதைப் பற்றியவை: புலவி, புலவி நுணுக்கம், ஊடல் உவகை. அறத்தில் தொடங்கிய நூல் இங்கே வந்துதான் முடிகிறது. அதற்கு முன்னமே 1109ஆம் குறளில் "ஊடல் உணர்தல் புணர்தல்" என்று மூன்றை வரிசையாக வைக்கிறார். நடுவில் உள்ள உணர்தலைப் பாருங்கள். ஊடல் தணிவதுதான் உணர்தல். மற்றவர் வந்து தணிவிப்பது உணர்த்துதல். ஒருவர் முகத்தைத் திருப்பினால் மற்றவர் வரவேண்டும், வந்து தேற்றவேண்டும். அப்படி வராவிட்டால் என்ன என்பதற்கு 1304: "ஊடி யவரை உணராமை வாடிய வள்ளி முதலரிந் தற்று." ஏற்கெனவே வாடிய கொடியை அடியோடு அறுப்பது போல.

1308 இன்னும் கூர்மை: "நோதல் எவன்மற்று நொந்தாரென்று அஃதறியும் காதலர் இல்லா வழி." நொந்திருக்கிறாள் என்று அறிய ஒருவர் இல்லாத இடத்தில் நோவதால் என்ன பயன்? பார்க்க ஆள் இல்லாமல் யாரும் முகத்தை நீட்டுவதில்லை. வெறும் வீட்டில் யார் உம்மென்று இருப்பார்கள்?


சலங்கை (பம்பலப்பிட்டி) | சனி, இரவு 7.45

பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். கரும்பலகை ஐயா சொன்னதை வகுப்பில் தினமும் பார்க்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளிடம் நாயகியின் கோபத்தைக் காட்டச் சொன்னால் உதட்டைத் துருத்துவார்கள். அது குழந்தை ஆகிவிடும். நாட்டிய சாஸ்திரம் உதட்டுக்கே ஆறு அசைவுகள் வகுத்திருக்கிறது, அது வேறு. ஊடலைக் காட்டக் கழுத்துத்தான் முக்கியம். முகத்தைத் தோளின் பக்கம் திருப்பி, நாடியைத் தோளில் இலேசாக இடித்து, பிறகு ஓரக்கண். அந்த ஓரக்கண் அவன் நிற்கிறானா, போய்விட்டானா என்று பார்ப்பதற்கு. அந்தப் பார்வை இல்லாவிட்டால் அது வெறுப்பு. பார்வை இருந்தால்தான் ஊடல். இதை ஒரு பிள்ளைக்குப் புரியவைக்க எனக்குச் சில வேளை ஒரு வருடம் போகும்.

கோயிலிலும் இதுதானே. திருவண்ணாமலையில் மாட்டுப்பொங்கலன்று திருவூடல் நடக்கிறது, அந்த வீதிக்கே திருவூடல் வீதி என்று பெயர். ஸ்ரீரங்கத்தில் பங்குனி உத்திரத்தில் மட்டையடி. தாயார் கதவைச் சாத்திவிடுவார், பெருமாள் வெளியே நிற்பார். கதவைச் சாத்துகிற இடத்தில் எல்லோர் கண்ணும் அந்தக் கதவில்தான் இருக்கும், எப்போது திறக்கும் என்று.


இரட்டைப்பின்னலின் அம்மா | சனி, இரவு 9.10

எங்கள் தொடர்மாடியில் கீழ்த்தளத்துப் பிள்ளைகள் சென்னையிலிருந்து வந்தவர்கள். என் மகளுக்கு ஏழு வயது. முதல் நாளே சண்டை. மகள் "நான் உன்னோட கோவம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அடுத்த நாள் போய் "நேசமா?" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. அது "காய் விட்டுட்டோம்ல, பழம் விடணும்" என்றதாம். இவளுக்கு அது விளங்கவில்லை. இரண்டு பேரும் சமாதானமாகத் தயாராக நின்றும், சொல் பொருந்தாமல் அரை மணித்தியாலம் படிக்கட்டில் எதிரெதிரே இருந்தார்கள். இரண்டு பேரின் முகமும் நீண்டுபோய்த்தான் இருந்தது. நான் போய் இங்கே நேசம் என்றால் அங்கே பழம் என்று சொன்ன பிறகுதான் எழும்பினார்கள். இப்போது இரண்டு பேரும் "நேசப்பழம்" என்கிறார்கள்.


பழைய கரும்பலகை | சனி, இரவு 9.33

நேசப்பழம்! இதை நான் மறக்கமாட்டேன்.

காயும் பழமும் என்றதும் 1306 நினைவுக்கு வருகிறது: "துனியும் புலவியும் இல்லாயின் காமம் கனியும் கருக்காயும் அற்று." துனியை முதிர்ந்த கலாம் (பெரும் பிணக்கு) என்றும் புலவியை இளைய கலாம் (சிறு பிணக்கு) என்றும் பரிமேலழகர் பிரிக்கிறார். இவை இல்லாவிட்டால் காதல் அளவுக்கு மீறிக் கனிந்த பழமும் பிஞ்சுக் காயும் போல. பிள்ளைகளின் காய்க்கும் வள்ளுவரின் கருக்காய்க்கும் நேரடித் தொடர்பு சொல்ல நான் வரவில்லை. உறவைப் பழத்தின் பருவத்தால் அளப்பது நம் பேச்சில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.


வடகடல் (இங்கிலாந்து) | ஞாயிறு, காலை 6.50

வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவன், இப்போது கென்ட் பக்கம். மீனைப் பற்றி நான் சொல்கிறேன். கிழமை முடிவில் இறங்குதுறையில் தூண்டில் போடுகிறவர்களுக்கு இது அடிக்கடி மாட்டும்.

கொட் மீனின் குடும்பம்தான், ஆனால் சின்னது. பெரும்பாலும் ஒரு அடிக்குள். உடல் உயரமாக, செப்பு நிறத்தில் மங்கலான பட்டைகளோடு இருக்கும். மார்புச் செட்டையின் அடியில் ஒரு கறுப்புப் பொட்டு, நாடியில் ஒரு மீசை. 'பிப்' என்றும் பெயர். தசை மிக விரைவாகப் பழுதாகிவிடும் என்பதால் பலர் கடலிலேயே திருப்பி விட்டுவிடுவார்கள். பிடித்த அன்றே சமைத்தால் நல்ல ருசி. நான் ஒருமுறை எங்கள் முறைப்படி பழப்புளி விட்டுக் குழம்பு வைத்தேன், சதை உடையாமல் இறக்குவதுதான் கஷ்டம்.

'பவுட்' என்ற மீன்பெயர் ஆங்கிலத்தில் மிகப் பழையது, விலாங்கு மாதிரி நீண்ட இன்னொரு மீனுக்குப் பழைய ஆங்கிலத்திலேயே அந்தப் பெயர் ஒட்டியிருக்கிறது. டச்சு மொழியில் இதற்கு உறவான 'பாய்ட்' என்பது தவளை. தலை ஊதின உயிர்கள் என்ற எண்ணம்தான். எனவே மீன் முகத்தை நீட்டுகிறது என்று பெயர் வைக்கவில்லை. ஊதல் என்ற ஒரே வேரிலிருந்து மீன் ஒரு பக்கமும் முகம் ஒரு பக்கமும் போயிருக்கின்றன.


கொட்டாஞ்சேனைப் புறா | ஞாயிறு, காலை 8.05

அப்படியென்றால் என் ஆளும் அந்தக் குடும்பம்தான். 'பவுட்டர்' என்று ஒரு புறா இனம். தீனிப்பையில் காற்றை நிரப்பி நெஞ்சைப் பந்து மாதிரி ஊதவைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். பெட்டை பக்கத்தில் வந்தால் இன்னும் ஊதும். டார்வின் புறா வளர்த்தவர், 1859இல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் அதிகாரத்தில் இந்தப் புறாவைப் பற்றி எழுதியிருக்கிறார். அதுவும் ஆள் பார்க்கத்தான் ஊதுகிறது, கரும்பலகை ஐயா.


இரவுக்கடமை | ஞாயிறு, காலை 10.20

டார்வின் என்றதும் நினைவு வந்தது. 1872இல் அவர் உணர்ச்சி வெளிப்பாடுகளைப் பற்றி எழுதிய நூலில் பிள்ளைகள் உதட்டை நீட்டுவதற்கு நல்ல இடம் கொடுத்திருக்கிறார். ஒரு சிம்பன்சியின் படம் அதில் இருக்கிறது. தோடம்பழத்தை நீட்டிவிட்டு, எடுக்கப்போகும்போது பறித்துவிட்டார்கள். உதடு இரண்டும் குழாய் மாதிரி முன்னுக்கு வந்து நிற்கிறது. அதைப் பார்த்த பிறகு தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் சிம்பன்சிக் கூண்டின் முன் நின்றால் வேறு மாதிரித்தான் இருக்கும்.


வெளிச்சக்கூடு | ஞாயிறு, பகல் 12.48

கல்யாணப் படம் எடுப்பவன். 11ஆம் பக்கத்துக்கு என் கருத்து: 'பவுட்' என்றே போடுங்கள். காலிமுகத்திடலில் பின்னேரம் ஐந்து மணிக்கு நில்லுங்கள், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாகப் பிள்ளைகள். ஒருத்தி "பவுட் பண்ணு, பவுட் பண்ணு" என்று சொல்லித்தான் எடுப்பாள். அந்தச் சொல் ஏற்கெனவே தமிழ் வாய்க்குள் வந்துவிட்டது.

இன்னொரு செய்தி. மணமகளைத் தனி அறையில் வைத்து எடுக்கும் படங்களுக்கு எங்கள் தொழிலில் 'பூட்வார்' என்பார்கள். பிரெஞ்சில் 'பூடே' என்றால் உம்மென்று இருத்தல். பெண்கள் கோபித்துக்கொண்டு போய் இருக்கும் அறை என்றுதான் அந்தப் பெயர் வந்தது.


சலங்கை | ஞாயிறு, பகல் 1.30

வால்மீகியில் கைகேயி போய் விழுந்து கிடப்பதும் அப்படி ஒரு அறைதான், குரோதாகாரம். அரண்மனையிலேயே அதற்கு இடம் இருந்திருக்கிறது. தசரதன் தேடிக்கொண்டு அங்கே வருவான் என்பது அவளுக்குத் தெரியும்.


மல்லிகைப்பந்தல் | ஞாயிறு, பகல் 2.11

'பவுட்' வேண்டாம். பிள்ளைகளின் புத்தகத்தில் எதற்கு ஆங்கிலம்? 'இதழ்குவிப்பு' என்று போடலாம். தொல்காப்பியத்திலேயே இதழ் குவிதல் இருக்கிறது என்று இப்போதுதானே படித்தோம்.


தேயிலைக்கொழுந்து | ஞாயிறு, பகல் 2.40

இதழ் என்றால் என் மகனுக்குப் பூவின் இதழ். "உதட்டைக் குவித்து" போதாதா? அதுவும் தமிழ்தானே. செல்ஃபி எடுக்கிறவளுக்கு யாரோடும் கோபமில்லை, அவள் வாய் என்ன செய்கிறதோ அதைச் சொன்னால் சரி.


மருதானை நானா | ஞாயிறு, மாலை 6.15

கொழுந்து சொன்னதுதான் கணக்கு. சித்திக்கு உதடு. சிறுமிக்கு முகம். ஆனால் மீன்? மூன்றையும் கட்டுகிற கயிறு அறுந்துபோகுமே தங்கச்சி.


ஈரமணல் | செவ்வாய், இரவு 8.55

இரண்டு நாள் எழுதிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நானா கேட்ட கயிறுதான் எனக்கும் பெரிய கவலையாக இருந்தது. கரும்பலகை ஐயா சொன்ன 'உப்பு' என்ற வினையை எடுத்துக்கொண்டேன். மீனுக்குத் தமிழ்ப்பெயர் கட்டவில்லை, 'பவுட்டிங் மீன்' என்றே விட்டேன். அது நம் கடலில் இல்லாத மீன், அதன் ஊர்ப்பெயரோடு வரட்டும். ஆனால் தாத்தா வாளியைக் காட்டும்போது, "இதுகளும் உன்னை மாதிரித்தான், முகத்தை உப்பிக்கொண்டு கிடக்குதுகள்" என்கிறார். ஆங்கிலத்தில் சொல் செய்த வேலையைத் தமிழில் தாத்தா செய்கிறார். வடகடல் அண்ணை சொன்ன வேரும் அதுதானே என்பதால் மனச்சாட்சி உறுத்தவில்லை.

11ஆம் பக்கத்தில் சித்தி "உதட்டைக் குவித்து, கன்னத்தை உள்ளே இழுத்து" நிற்கிறாள். அவ்வளவுதான். கதையில் அவள் வரும் இடமும் சின்னது.

5ஆம் பக்கம்தான் நேரம் எடுத்தது. சலங்கை அக்கா சொன்ன ஓரக்கண்ணை நினைத்துக்கொண்டு படத்தை மறுபடி பார்த்தேன். சிறுமியின் பின்னால் கதவு சாத்தியிருக்கவில்லை, ஒரு கை அகலத்துக்குத் திறந்திருக்கிறது. அந்த இடைவெளியில் யாரோ ஒருவரின் பாதணி முனை தெரிகிறது. ஆங்கில வாக்கியத்தில் கதவு இல்லை, படத்தில் இருக்கிறது. சொல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்ததில் இதைப் பார்க்கத் தவறிவிட்டேன். இப்போது இப்படி வைத்திருக்கிறேன்:

"முகத்தை உப்பிக்கொண்டு வாசல் படியில் இருந்தாள். மழையைப் பார்க்கிறவள் போலத்தான் இருந்தாள். ஒரு காது மட்டும் கதவுப் பக்கம் இருந்தது."

'மூஞ்சையை நீட்டிக்கொண்டு' என்பதுதான் எனக்கு ஆசை. ஆனால் ஹட்டனிலும் மட்டக்களப்பிலும் இதை வாசிக்கப்போகிறார்கள், உப்புதல் எல்லோருக்கும் விளங்கும். நீட்டுவதை 7ஆம் பக்கத்தில் அம்மாவின் வாயில் வைத்துவிட்டேன். அம்மா அப்படித்தான் கதைப்பா.

நேற்று இரவு சாப்பிட்ட பிறகு அம்மம்மாவுக்கு வாசித்தேன். மூன்றாவது வாக்கியத்தில் நிறுத்தினேன். அவ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டா:

"அப்ப ஆர் வந்து அவளைக் கூப்பிடுறது?"